ஆடம்பரத் தோல்பொருள் கண்காட்சிக்குத் தோழிகளோடு போகிறேன்: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

பெரம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை, தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு நட்சத்திர விடுதியின் அரங்கில் நடக்கும் ஆடம்பரத் தோல்பொருள் கண்காட்சிக்குத் தோழிகள் நால்வர் போவதாக இருக்கிறோம். கல்லூரி நாளிலிருந்து ஒன்றாகச் சுற்றுகிறவர்கள்தான். ஆனால் இதுவரை சேர்ந்து போனதெல்லாம் புத்தகக் கண்காட்சியும் தீவுத்திடல் பொருட்காட்சியும் மட்டுமே. அழைப்பு, வங்கியில் பணிபுரியும் தோழிக்கு வந்தது. ஊக்கத்தொகை கைக்கு வந்ததும் தனக்கென்று ஒரே ஒரு நல்ல கைப்பை வாங்க வேண்டும் என்று அவள் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி பள்ளி ஆசிரியை. சைவம், தோல் செருப்புகூட அணியாதவள். "உங்களோடு வருவேன், எதையும் தொடமாட்டேன்" என்ற நிபந்தனையோடு வருகிறாள். மூன்றாமவள் சிறுசேரியில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். கொடுக்கிற காசு முழுவதும் பெயருக்குத்தான் போகிறது, பொருளுக்குப் போகவில்லை என்பது அவளுடைய கட்சி.

எனக்கோ தோலுக்கும் ரெக்சினுக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் "சுத்தத் தோல்" என்று சொல்லி விற்ற பையை நம்பி வாங்கினேன். இரண்டாவது ஐப்பசி மழைக்காலத்தில் அதன் மேல்பகுதி வெங்காயச் சருகுபோல உரிந்து என் சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அந்த அனுபவத்தால்தான் கேட்கிறேன். இத்தகைய இடத்தில் ஒரு பையைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? மூவாயிரம் ரூபாய்ப் பைக்கும் மூன்று லட்ச ரூபாய்ப் பைக்கும் உள்ள இடைவெளியில் உண்மையிலேயே தோலுக்கும் வேலைக்கும் உரியது எவ்வளவு? வாங்கும் எண்ணமில்லாத மூவர் உள்ளே போய்த் தொட்டுப் பார்ப்பது முறையா?

பழைய பதனீட்டாளர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில் தோல் தொழில்நுட்பம் படித்து, பதனிடும் தொழிலிலேயே முடி நரைத்தவன். 1948இல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்தைச் சென்னைவாசிகளில் பலர் சர்தார் படேல் சாலைப் பேருந்து நிறுத்தமாக மட்டுமே அறிந்திருப்பது எனக்கு நீண்டநாள் மனக்குறை.

முதலில் உங்கள் உரிந்த பையைப் பற்றி. அது துணியின் மேலோ, அல்லது தோலின் கீழ் அடுக்கின் மேலோ பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய பொருளாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பூச்சைக் காற்றிலுள்ள ஈரம் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். சென்னையின் காற்றில் ஈரத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை. அலமாரியில் தொடாமல் வைத்திருந்தாலும் அது உரியும். உண்மையான தோல் வெடிக்கும், சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். ஆனால் ஏடு ஏடாக உரியாது.

விலங்கின் தோலுக்கு மயிர்ப்புறம், சதைப்புறம் என்று இரண்டு பக்கங்கள் உண்டு. மயிர்ப்புறத்தில் நார்கள் மிக நெருக்கமாகப் பின்னியிருக்கும். வலிமையும் அழகும் அங்கேதான். அந்தப் பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டதைத்தான் ஃபுல் கிரெய்ன் என்கிறோம். பரப்பில் உள்ள தழும்புகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்து நீக்கி, சாயம் பூசி, சூடான தகட்டால் செயற்கை வரிகளை அச்சிட்டால் அது கரெக்டெட் கிரெய்ன். தடித்த தோலை இரண்டாகப் பிளந்து எடுத்த கீழ் அடுக்கு ஸ்ப்ளிட். தோல் துகள்களை அரைத்துப் பசையிட்டுத் தகடாக்கியது பாண்டட். "ஜென்யூன் லெதர்" என்று பொன்னெழுத்தில் முத்திரை இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அதில் தோல் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த முத்திரை எதையும் உறுதி சொல்வதில்லை.

விலையைப் பற்றிய உங்கள் தோழியின் கட்சிக்கு வருகிறேன். ஓர் ஆட்டுத்தோல் பதனிட்டபின் ஏறக்குறைய 4, 5 சதுர அடிதான் தேறும். அதிலும் வயிற்றுப் பகுதி இழுபடும், கழுத்தில் சுருக்கம் இருக்கும், முதுகுப் பகுதிதான் பையின் முகப்புக்கு ஆகும். நம் ஆடுமாடுகள் முள்வேலியிலும் கருவேலங்காட்டிலும் மேய்ந்து வளர்பவை. உண்ணி கடித்த புள்ளியும் முள் கீறிய கோடும் சூட்டுக்கோல் தழும்பும் தோலில் பதிந்திருக்கும். பரப்பைத் தேய்க்காமல் விட வேண்டுமென்றால் இவை அனைத்தையும் ஒதுக்கிவிட்டு வெட்ட வேண்டும். கொட்டிலில் வளர்ந்த ஐரோப்பியக் கன்றின் தோலில் இத்தகைய குறைகள் குறைவு. அதற்கு அவ்வளவு விலை கிடைப்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே கழிவு மிகுந்த வேலை என்பதால் விலை ஏறுவது நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் ஒரு வரம்புவரைதான் செல்லும். ஜேன் பர்க்கின் என்ற நடிகைக்காக முதன்முதலில் செய்யப்பட்ட கைப்பை 2025 ஜூலையில் பாரிசில் சுமார் 86 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அந்தத் தொகையில் தோலின் பங்கைக் கேட்டால் எந்தப் பதனீட்டாளரும் சிரித்துவிடுவார். உங்கள் தோழி பாதி சரி.

பையை எடுத்ததும் பெயர்ப்பட்டையைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். இரண்டு மூன்று தோல் அடுக்குகள் ஒட்டப்பட்ட இடத்தில் விளிம்பு ஒரே பொருளாகத் தோன்ற வேண்டும். தேய்த்து, வண்ணம் பூசி, உலரவிட்டு, மறுபடி தேய்த்துப் பலமுறை செய்தால்தான் அப்படி வரும். கைப்பிடியை மெல்ல வளைத்தால் அந்த வண்ணத்தில் விரிசல் தெரியக் கூடாது. அடுத்தது தையல். 1837இல் பாரிசில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய எர்மேஸ் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்வது சேணத் தையலைத்தான்: ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் நுழைத்து இழுப்பது. நடுவில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்கத்து ஓட்டம் பிடித்துக்கொள்ளும். எந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டிருப்பதால் ஒன்று அறுந்தால் வரிசையே தளர வாய்ப்புண்டு. கைத்தையல் சற்றுச் சாய்ந்து ஓடும். பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் கதிர்போலப் பரவி, விரலை எடுத்ததும் மறையும். நீர்த்துளி விட்டுப் பார்ப்பது, நெருப்பு காட்டிப் பார்ப்பது போன்ற இணையச் சோதனைகளை அங்கே செய்து அவமானப்பட வேண்டாம். மேல்பூச்சுள்ள நல்ல தோல் நீரை உறிஞ்சாது. எனவே அந்தச் சோதனையே பொய்.

ஓர் ஆலோசனை: சனிக்கிழமைக்கு முன் ஒருநாள் பெரியமேட்டுக்குப் போய்வாருங்கள். சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவுதான். அங்கே தோலைத் தோலாகவே விற்கும் கடைகள் உண்டு; சதைப்புறத்தில் எத்தனை சதுர அடி என்று எண் முத்திரையிட்டிருக்கும். விரலுக்கு அங்கே பாடம் கிடைத்தால் விடுதி அரங்கில் கண்ணுக்குக் குழப்பம் இராது.

அரங்கில் நின்றவர் எழுதியது:

மேலே ஐயா எழுதியதோடு விற்பவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். இத்தகைய கண்காட்சிகளில் பல ஆண்டுகள் காட்சிமேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். பார்க்க மட்டும் வருகிறவர்களை நாங்கள் வெறுப்பதில்லை. கேட்காமல் எடுப்பவர்களைக் கண்டால்தான் நெஞ்சு படபடக்கும். "இதைத் திறந்து காட்ட முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், எல்லாவற்றையும் நாங்களே எடுத்துக்காட்டுவோம். கல் பதித்த மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் கழற்றிவிட்டு வருவது நல்லது. கைகளில் கிருமிநாசினி ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்க வேண்டாம். புது நீல ஜீன்ஸ், சாயம் போகும் சுங்கடிச் சேலை ஆகியவற்றின் மேல் வெளிர்நிறப் பையைச் சாய்த்துப் பார்க்காதீர்கள்; அந்தக் கறை போகாது.

கண்ணாடி முன் நின்று அழகு பார்க்கிறவர்கள் பலர். பையில் தங்கள் பொருள்களைப் போட்டுப் பார்க்கிறவர்கள் மிகச் சிலர். சென்னையில் அலுவலகம் போகிற பெண்ணின் பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் பாட்டில், மடக்குக் குடை மூன்றும் போக வேண்டும். ஆடம்பரப் பைகளில் பெரும்பாலானவை டப்பாவைக் கற்பனைகூடச் செய்யாதவை. உங்கள் வங்கித் தோழி இதை முன்கூட்டியே நினைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று பலரை வியக்க வைக்கும். உலகமே அறிந்த லூயி வித்தோன் எழுத்துப் பூவேலைப் பைகளின் உடல் தோலே அல்ல. 1896இல் வந்த அந்த மோனோகிராம் வடிவம் இன்று பூச்சுப் பூசிய பருத்திக் கித்தானில் அச்சிடப்படுகிறது. கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் மாட்டுத்தோல். கைபட்டு வெயில்பட்டு அந்தத் தோல் தேன்நிறமாகக் கறுத்துவருவதை அதன் அன்பர்கள் அழகு என்கிறார்கள். தோல்பொருள் என்ற பெயரில் நடக்கும் கண்காட்சியில் விலையுயர்ந்தவை அனைத்தும் தோல் என்று எண்ண வேண்டாம், கூசாமல் கேளுங்கள்.

கண்காட்சி இரண்டு மூன்று நாளில் கலைந்துவிடும். ஆகவே ஜி.எஸ்.டி. பில், விற்பவரின் நிலையான கடை முகவரி, ஜிப்போ கொக்கியோ பழுதானால் எங்கே சரிசெய்வார்கள் என்ற விவரம், இவை மூன்றும் கைக்கு வராமல் அட்டையைத் தேய்க்கக் கூடாது.

மண்ணடிக்காரன் எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? பர்மா பஜார் பக்கம் ஃபர்ஸ்ட் காப்பி என்று கேட்டால் நூற்றில் ஒரு பங்கு விலைக்கு அதே தோற்றத்தில் கிடைக்கிறது. பேருந்தில் யார் விளிம்பை வளைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

பழைய பதனீட்டாளர் எழுதியது:

தம்பி, யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் இரண்டாவது மழைக்காலத்தில் பையே காட்டிக்கொடுத்துவிடும். கேள்வி கேட்ட சகோதரியின் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்ப் பெண் எழுதியது:

ஆம்பூரில் பிறந்து, திருமணமாகிக் கொளத்தூரில் வசிக்கிறேன். என் அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவர். வெளிநாட்டுப் பெயர் பொறித்த பட்டையைத் தைத்து முடித்துப் பெட்டியில் வைத்து அனுப்புவார். அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க அவருக்கு இன்றும் தெரியாது. விடுமுறை நாளில் நாங்கள் கடைக்குப் போனால் எதையும் வாங்குவதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். வெளிப்பக்கத்தில் எல்லோரும் கவனமாகத் தைப்பார்கள், யாரும் பார்க்காத இடத்தில் நூல்முனையை எப்படி முடித்திருக்கிறார்கள் என்பதில்தான் கம்பெனியின் குணம் தெரியும் என்பார். நீங்களும் பையின் வயிற்றுக்குள் கையை விட்டு, உள்துணி சேரும் மூலைகளைத் தடவிப் பாருங்கள்.

நான் கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி: இந்தத் தோல் எங்கே பதனிடப்பட்டது? "இத்தாலியில் செய்தது" என்ற பட்டை பெரும்பாலும் பை உருவான இடத்தைச் சொல்லும். தோல் பதனிட்ட ஊரைச் சொல்லாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஈரோடு, திண்டுக்கல் என்று நம் ஊர்களின் பெயர் எந்தப் பட்டையிலும் ஏறுவதில்லை. சென்னைப் புறநகரிலேயே குரோம்பேட்டை என்ற பெயர் அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது என்பதை அந்தப் பேட்டைக்காரர்களே மறந்துவிட்டார்கள். 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா என்ற இத்தாலிய ஆடம்பர நிறுவனம் நடத்திய ஆடவர் ஆடை அணிவகுப்பில் கோலாப்பூர்ச் செருப்பின் அச்சாகவே செருப்புகள் வந்தன. ஊரின் பெயர் சொல்லப்படவில்லை. கண்டனம் எழுந்தபிறகுதான் அந்நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. செருப்புக்கு நேர்ந்தது தோலுக்கு எப்போதும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

ஊர்ப்பெருமை மட்டும் பேசிவிட்டு நகர மனம் வரவில்லை. குரோமிய உப்பு கொண்டு பதனிடுவது ஓரிரு நாள் வேலை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது வாரக்கணக்கில் இழுக்கும். உலகத்துத் தோலில் பெரும்பகுதி குரோமிய வழியில்தான் வருகிறது. அந்தக் கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டதன் பலனை எங்கள் பாலாறும் கிணறுகளும் அனுபவித்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்றும் ஆம்பூரில் எங்கள் தெருவில் குடிநீர் கேன் வாங்காத வீடு இல்லை. ஆகவே லெதர் வொர்க்கிங் குரூப் சான்று பெற்ற ஆலையின் தோலா என்றும் கேளுங்கள். 2005இல் தொடங்கிய அந்த அமைப்பு ஆலைகளின் நீர், இரசாயனக் கையாளுகையை ஆய்ந்து தரம் பிரிக்கிறது. தமிழ்நாட்டு ஆலைகள் பலவும் அதைப் பெற்றிருக்கின்றன. விற்பவருக்கு விடை தெரியாமல் போகலாம். நாலு பேர் கேட்டால் ஐந்தாமவருக்காவது தெரிந்துகொண்டு வருவார்.

சைவத் தோழிக்கு ஒரு சொல்: "வீகன் லெதர்" என்று கவர்ச்சியாக எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை நீங்கள் ஏற்கெனவே அறிந்த அதே பாலியூரித்தேன்தான். கேரளத்தில் தேங்காய்த் தண்ணீரில் நுண்ணுயிர் வளர்த்து, மலாய் என்ற பெயரில் தோல்போன்ற ஒரு பொருளைச் செய்கிறார்கள். அத்தகையது அங்கே கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர்வாசி எழுதியது:

போய்வந்தோம். அனைவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்; சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மாலை நானும் வங்கித் தோழியும் பெரியமேட்டுக்குப் போனோம். கடைக்காரப் பெரியவர் ஒருவர் வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஆட்டுத்தோல், எருமைத்தோல், கன்றுத்தோல் மூன்றையும் விரித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னார். சதைப்புறத்து எண்ணைக் கண்டதும் எனக்கு வந்த மகிழ்ச்சியை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை.

சனிக்கிழமை அரங்கில் நுழைந்த முதல் பத்து நிமிடம் நால்வருமே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளைப்போல நடந்தோம். பிறகு நான் துணிந்து ஒரு மேசையில் "திறந்து காட்ட முடியுமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் வெள்ளைக் கையுறை அணிந்து, மெத்தென்ற தட்டில் பையை வைத்துத் திறந்தார். விளிம்பைப் பார்த்தேன். கைப்பிடி சேருமிடத்தில் வண்ணத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. விலை ஒரு லட்சத்துக்கு மேல். காட்டியதும் அவரே முகம் மாறி வேறொன்றை எடுத்துவந்தார். சிறுசேரித் தோழி அந்த நிமிடத்திலிருந்து என்னை "ஆய்வாளர் அம்மா" என்றுதான் அழைக்கிறாள்.

எதையும் தொடமாட்டேன் என்று வந்தவள்தான் அதிகம் கண்டுபிடித்தாள். கைகளுக்கு வேலை இல்லாததால் கண்கள் கூர்மையாகிவிட்டன போலும். இரண்டு மேசை தள்ளியிருந்த ஒரு சிறிய பையைச் சுட்டி, "அதன் தையல் மட்டும் சாய்ந்து ஓடுகிறது பார்" என்றாள். கேட்டபோது உண்மையிலேயே சேணத் தையல். செய்தவர்களின் பட்டறை இந்தியாவிலேயே இருந்தது. தோலைப் பதனிட்ட ஊர் எது என்று கேட்டதற்கு அங்கிருந்த ஏழு மேசைகளில் இரண்டில் மட்டுமே விடை கிடைத்தது. அவற்றில் ஒன்றில் "இராணிப்பேட்டை" என்று சொன்னபோது ஆம்பூர்ச் சகோதரியை நினைத்துக்கொண்டேன். தேங்காய்த் தண்ணீர்ப் பை எங்கும் இல்லை.

வங்கித் தோழி தன் பெரிய கனவுப் பையை எடுத்துத் தோளில் மாட்டி, கண்ணாடியில் பார்த்து, சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்தாள். ஆம், வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். டப்பா கிடையாகவும் போகவில்லை, செங்குத்தாகவும் போகவில்லை. விற்பவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு பெரிது. முடிவில் அந்தச் சேணத் தையல் மேசையில், காய்பதனத் தோலில் (கடுக்காய், பட்டை போன்றவற்றால் பதனிட்டது) செய்த, பூச்சில்லாத வெளிர்நிறப் பை ஒன்றை அவள் நினைத்திருந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு வாங்கினாள். பில், கடை முகவரி, பழுதுபார்க்கும் விவரம் மூன்றையும் பெற்றுக்கொண்டோம்.

விலை முழுவதும் பெயருக்குத்தான் என்ற சிறுசேரித் தோழியின் கட்சி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். "பாதி" என்று இறங்கிவந்திருக்கிறாள்; எந்தப் பாதி என்று சொல்ல மறுக்கிறாள்.

இப்போது ஓர் அவசரக் கேள்வி. வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவுக்கு ஓடியதில் பையின் முகப்பில் துளிகள் விழுந்து, காய்ந்தபின் வட்டவட்டமாகக் கறை நிற்கிறது. வங்கித் தோழியின் மாமியார் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். என்ன செய்வது?

பழைய பதனீட்டாளர் எழுதியது:

எண்ணெய்ச் சீசாவை முதலில் மூடிவைக்கச் சொல்லுங்கள். கறுப்புப் படிவதோடு நாளடைவில் சிக்கு நாற்றமும் வரும். பூச்சில்லாத தோலில் நீர் விழுந்தால், நனைந்த இடத்துக்கும் நனையாத இடத்துக்கும் நடுவே கோடு நின்றுவிடும். அதனால் அந்த முகப்பு முழுவதையும், ஒரு தையல் ஓரத்திலிருந்து மறு தையல் ஓரம்வரை, நன்றாகப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியால் சீராக ஒரே அளவு ஈரமாக்குங்கள். வட்டங்களை மட்டும் தேய்க்க வேண்டாம். உள்ளே அச்சு மை இல்லாத வெள்ளைத் தாளைத் திணித்து வடிவம் கெடாமல் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள். வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். முற்றிலும் உலர்ந்தபின் தோலுக்கென்று விற்கும் களிம்பை அடிப்பகுதியில் சிறிது தடவிப் பார்த்துவிட்டு, நிறம் மாறவில்லையென்றால் மெல்லியதாகப் பூசலாம். மழைக்காலம் முடியும்வரை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காமல், பழைய பருத்தித் தலையணை உறைக்குள் வைத்து, வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடச் சொல்லுங்கள்.